டொல்பினையும் சாரசக் கொக்கையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

போன கிழமை மருமகள் கொப்பியோடு வந்தாள். "மாமி, ஒப்படைக்கு ஒரு டொல்பினையும் ஒரு சாரசக் கொக்கையும் ஒப்பிட வேணுமாம்." ஏற்கெனவே அடிமட்டம் வைத்து நடுவில் கோடு கிழித்து எழுதியிருந்தாள். இது கடலில் வாழும், அது தரையில் வாழும். இதற்குத் துடுப்பு, அதற்கு இறக்கை. இரண்டு குறிப்பை அருகருகே வைத்தால் ஒப்பீடு ஆகிவிடுமா? கோட்டை அழிக்கச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று வந்தால், நாங்கள் செய்த மாதிரிச் செய்து பாருங்கள்.

முதலில் எந்த இனம் என்று முடிவு செய்யுங்கள். டொல்பின் பக்கம் நமக்கு லேசு. நிலாவெளியில் இருந்து படகில் போகிறவர்களுக்கு அடிக்கடி கண்ணில் படுவது நீள்மூக்குச் சுழல் டொல்பின். தண்ணீரை விட்டு எழும்பிப் பம்பரம் மாதிரிச் சுற்றும். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை போகுமாம். நான் மூன்று எண்ணுவதற்குள் தொபுக்கென்று விழுந்துவிட்டது.

கொக்கில்தான் சிக்கல். தம்பலகாமம் வயலில் உழவு மெசினுக்குப் பின்னால் நடக்குமே வெள்ளைக் கொக்கு, அதைத்தான் மருமகள் அழகாக வரைந்து வைத்திருந்தாள். சாரசம் வேறு குடும்பம். இலங்கையில் கிடையாது, வட இந்திய வயல்களுக்குப் போனால் பார்க்கலாம். சாம்பல் உடம்பு, இறகில்லாத சிவப்புத் தலை. பறக்கும்போது நம்மூர்க் கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும். சாரசம் நேராக நீட்டும். நம்முடையது மரத்தில் அடையும். சாரசத்துக்குப் பின்விரல் கட்டை, கிளையைப் பிடிக்க வராது. ஆகவே மரத்தில் இருக்கும் சாரசத்தை வரைந்தால் புள்ளி போச்சு.

அடுத்தது அளவு. இரண்டுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். டொல்பின் மூக்கில் இருந்து வால் வரை சுமார் 2 மீட்டர். சாரசம் நிமிர்ந்து நின்றால் 1.8 மீட்டர் வரை வரும். பறக்கிற பறவைகளில் இதுதான் உயரம். கிட்டத்தட்ட சமம் போலத் தெரிகிறதா? நிறையைப் பாருங்கள். வளர்ந்த டொல்பின் 75 கிலோ வரை போகும், சாரசம் ஏழு கிலோ அளவில் நின்றுவிடும். இந்த இடத்தில் "ஏன்?" என்று எழுதவேண்டும். பறவை தன் உடம்பைத் தானே காற்றில் தூக்கவேண்டும், அதனால் பல எலும்புகளுக்குள் காற்று. டொல்பினைக் கடல் தாங்குகிறது, கொழுப்பைச் சுமந்தாலும் கவலையில்லை. அந்தக் கொழுப்புத்தான் அதற்குக் கம்பளி.

சரி, ஒற்றுமைக்கு எங்கே போவது? குசினிக்கு. கோழி வாங்கினால் இறக்கை ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவித்துச் சதையைக் கழற்றினால் தோள் பக்கம் ஒற்றை எலும்பு, அடுத்ததில் இரண்டு, நுனியில் ஒட்டிப்போன விரல்கள். சாரசத்தின் இறக்கையும் இதே அமைப்புத்தான். பிள்ளையின் கையைப் பக்கத்தில் நீட்டச் சொல்லுங்கள்: மேல்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, பிறகு விரல்கள். டொல்பினின் துடுப்புக்குள்ளும் அதே வரிசை. மேலே இரண்டு பகுதியும் குட்டையாகி, விரல்களில் மட்டும் எலும்புத் துண்டுகள் கூடியிருக்கும். மருமகள் தன் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். துடுப்பும் இறக்கையும் "வேறுபாடு" என்று எழுதியிருந்ததை அவளாகவே வெட்டினாள்.

மூச்சை ஒரு வரியில் முடிக்கலாம்: இரண்டுக்கும் நுரையீரல்தான், டொல்பினுக்கு மூக்கு உச்சந்தலையில். குட்டி ஈன்று பால் கொடுப்பது டொல்பின். சாரசம் பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

படம் இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையுங்கள், 20 சென்ரிமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் போதும். கோழி எலும்பைக் காயவைத்துக் கொப்பியில் ஒட்டட்டுமா என்று கேட்டாள். எறும்பு வரும், வரைந்து வை என்றேன்.