என்விடிஏ வச்சிருக்கவங்க பழைய டெஸ்க்டாப்ப வேகமாக்குறது எப்படி

கண்ணு தெரியுறவங்க கம்ப்யூட்டர் ஸ்லோவானா ஸ்க்ரீன்ல வட்டம் சுத்துறத பாத்துட்டு காத்திருப்பாங்க, நமக்கு அப்டி இல்ல மக்கா, ஸ்க்ரீன்ல இருக்கத சத்தமா படிச்சு சொல்லுற என்விடிஏ புரோகிராமத்தான் நம்பியிருக்கோம், ஆரோ கீய அமுக்கி மூணு செகண்டு சத்தமே வரலேன்னா கீ ஏறிச்சா இல்லியான்னே தெரியாது, திரும்ப அமுக்குவோம், அப்புறம் எல்லாம் சேந்து கடகடன்னு படிச்சு எங்கயோ கொண்டு விட்டுரும். அதனால மொதல்ல பேச்ச சரி பண்ணுங்க, மத்தது பொறவு.

இன்சர்ட்டும் க்யூவும் சேத்து அமுக்குங்க. வர்ற லிஸ்ட்ல கீழ போனா ஆட்-ஆன் (என்விடிஏல நாம கூடுதலா சேத்த சின்ன புரோகிராம்) இல்லாம ரீஸ்டார்ட் பண்ணுற ஆப்ஷன் இருக்கும், அத குடுத்துட்டு கொஞ்ச நேரம் வேல செஞ்சு பாருங்க. பேச்சு சட்டுன்னு வந்தா குத்தம் ஏதோ ஒரு ஆட்-ஆன்லதான், ஒண்ணொண்ணா நிறுத்தி கண்டுபிடிக்கணும். அப்பவும் இழுத்தா கன்ட்ரோல் இன்சர்ட் எஸ் அமுக்கி ஈஸ்பீக்ங்கிற குரலுக்கு மாறுங்க. குரல் மெஷின் மாதிரிதான் இருக்கும், ஆனா தமிழும் படிக்கும், பழைய மெஷின்லயும் கீ தொட்டதும் பேசும், எனக்கு அது போதும்.

அடுத்தது விண்டோஸ் ஐ அமுக்கி ஆப்ஸ், அதுக்குள்ள ஸ்டார்ட்அப். ஆன் பண்ணும்போதே தானா ஓடுற புரோகிராம் எல்லாம் வரிசையா வரும், வேண்டாதத ஸ்பேஸ் அடிச்சு ஆஃப் பண்ணுங்க, சவுண்ட் சம்பந்தப்பட்டத மட்டும் தொடாண்டாம்.

விண்டோஸ் ஆர் அமுக்கி sysdm.cpl-ன்னு அப்படியே டைப் பண்ணி என்டர், கன்ட்ரோலும் டேபும் சேத்து அமுக்கி அட்வான்ஸ்டுக்கு போங்க, அதுல பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அதுல பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ். நிழலு, அனிமேஷன் எல்லாம் போயிரும், நமக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல.

இதெல்லாம் செஞ்சும் மாறலேன்னா கேபினெட்டு கிட்ட காத வைங்க. ஒண்ணும் செய்யாதப்பவும் உள்ள கறகறன்னு கேட்டுட்டே இருந்தா ஹார்ட் டிஸ்க்தான் திணறுது, அதுக்கு பதிலா எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கு, போட்டா வர்ற வித்தியாசம் வேற எதுலயும் வராது. பின்னால கைய வச்சும் பாருங்க, காத்து வராம சூடு மட்டும் அடிச்சா ஃபேன்ல தூசி அடச்சிருக்கு, சூடு ஏறுனா பிராசஸர் தன் வேகத்த தானே கொறச்சுக்கிடும். எங்க வீடு கொளச்சல் பக்கம், உப்புக்காத்து வேற, அதனால நான் வருசத்துக்கு ரெண்டு தடவ பிளக்க உருவிட்டு தூசி தட்ட குடுப்பேன். ரேம் 4 ஜிபிதான்னா 8 ஆக்கிக்கிடுங்க.

கடைக்கு கொண்டு போறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கிடுங்க. நான் ஒரு தடவ நாரோயில்ல ஒரு கடையில குடுத்தேன், ஃபார்மட் பண்ணி குடுத்துட்டாங்க, வீட்டுக்கு வந்து ஆன் பண்ணுனா ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது, பேச்சே இல்ல. என்விடிஏவும் போச்சு, சவுண்ட் டிரைவரும் போடல, அதனால விண்டோஸ் கூடவே வர்ற நரேட்டருங்கிற படிக்கிற புரோகிராமும் வாய தொறக்கல. பக்கத்து வீட்டு பையன் மறுநாள் சாயங்காலம் வர்ற வர அது முன்னால சும்மா உக்காந்திருந்தேன், அந்த நாள் இன்னும் மறக்கல. அதனால ஃபார்மட் வேண்டாம், பழைய டிஸ்க்க அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ணுங்க, அதாவது உள்ள இருக்க எல்லாத்தையும் அச்சு அசலா காப்பி பண்ணுங்கன்னு தெளிவா சொல்லுங்க, முன்னாடியே இன்சர்ட் என் அமுக்கி டூல்ஸ்ல போய் போர்ட்டபிள் காப்பி (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற என்விடிஏ) ஒண்ணு பென்டிரைவ்ல எடுத்து சட்டப்பையில வச்சுக்கிடுங்க. ஹெட்ஃபோனும் கொண்டு போங்க, கடையிலயே மாட்டி, கன்ட்ரோல் ஆல்ட் என் அமுக்கி என்விடிஏவ ஓட விட்டு, பேசுதான்னு கேட்டுட்டு காச குடுங்க.