வலை ஈயம் வாத்து வயிற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக வலை கட்டுகிறோம். எங்கய்யா ஈயத் தகட்டை நறுக்கி வீச்சுவலையின் அடிக்கயிற்றில் முறுக்குவதைப் பார்த்துத்தான் நானும் படித்தேன். வலை கிழிந்தால் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டோம். கண்மாய்க் கரையிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடுவோம். நறுக்கும்போது தெறிக்கும் துணுக்கை நான் ஒருநாளும் பொறுக்கியதில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் தை மாதம். புள்ளிமூக்கு வாத்து ஒன்று கரையேறி உட்கார்ந்திருந்தது. கிட்டப் போயும் பறக்கவில்லை. இறக்கை இரண்டும் ஓட்டுக்கூரை மாதிரி சரிந்திருந்தன. வாலடியில் பச்சையாக எச்சம் அப்பிக்கிடந்தது. தூக்கினால் கனமே இல்லை, நெஞ்செலும்பு மட்டும் கையில் குத்தியது. வனத்துறைக்குச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் செத்துவிட்டது.

அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் அரைவைப்பையைப் பிளந்து காட்டினார். கோழி அறுக்கும்போது உள்ளே மணலோடு இருக்குமே, அந்தக் கெட்டிச் சதைப் பைதான். மணலுக்கு நடுவே இரண்டு ஈயத் துணுக்கு. ஒன்று தேய்ந்து உளுந்தாகியிருந்தது. இன்னொன்றில் கத்தரி வெட்டிய நேர்விளிம்பு இன்னும் தெரிந்தது. “கல்லுன்னு நெனச்சு முழுங்கியிருக்குண்ணே” என்றார் அவர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். ஈயமும் அதோடு போய்விட்டால், அரைபட்டு அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் கலக்கும். நரம்பு கெடும், குடல் அசைவது நின்றுபோகும். தொண்டை வரை இரை நிறைந்திருந்தும் பட்டினியாகச் சாகும். நாட்டுத் துப்பாக்கியின் ஈய ரவையானாலும், தூண்டில் ஈயமானாலும் இதே கதைதான். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-ல் சிறு தூண்டில் ஈயங்களின் விற்பனையையே நிறுத்தியது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று அமெரிக்கா 1991-ல் நாடு முழுக்கச் சட்டம் போட்டது. இங்கே பறவை வேட்டையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வலை நம் கையில் இருக்கிறதே.

நோயுற்ற பறவையைக் கண்டால் முதலில் சுற்றிப் பாருங்கள். வெயில் காலத்தில் ஒரேயடியாகப் பத்து இருபது பறவைகள் கழுத்துத் துவண்டு கிடந்தால் அது அழுகிய நீரில் வரும் வேறு நஞ்சாக இருக்கலாம். தனியாக ஒன்று நாளுக்கு நாள் இளைத்து, பச்சை எச்சம் போட்டால் ஈயத்தைச் சந்தேகியுங்கள். துண்டைப் போர்த்தித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மோர், முட்டை என்று கைவைத்தியமும் வேண்டாம். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்து இருக்கிறது. அதை மருத்துவர்தான் போட வேண்டும். காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வயலில் மேயும் உங்கள் சொந்த வாத்து என்றால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செத்ததைச் சமைக்காதீர்கள், நாய்க்கோ பருந்துக்கோ விட்டுவைக்காதீர்கள். அவற்றுக்கும் ஈயம் ஏறும்.

இனி வலை வேலை. கரையில் ஈயம் நறுக்குவதை நிறுத்துங்கள். இதைவிடப் பெரிய காரியம் வேறில்லை. முழு ஈயம் ஆழத்தில் சேற்றுக்குள் புதைந்துவிடும். துணுக்கோ வாத்து மேயும் விளிம்பிலேயே கிடக்கும். வீட்டுத் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். முடிந்ததும் வேட்டியை உதறாமல் மடித்து, துணுக்கையெல்லாம் மூடியுள்ள டப்பாவில் கொட்டுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வெற்றிலை மடிக்க வேண்டாம். ஈயம் உருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது, அந்தப் புகையும் தூசியும் அவர்கள் மூளையைக் கெடுக்கும்.

கோடையில் கண்மாய் வற்றியதும், மீன்பிடித் திருவிழா முடிந்த மறுநாள், படித்துறையிலும் மடை வாயிலும் தேடலாம். சல்லடையில் மண்ணைச் சலித்து, மிஞ்சியதைச் சட்டியில் தண்ணீரோடு சுழற்றுங்கள். ஈயம் கனம், அடியில் தங்கும். சந்தேகமாக இருந்தால் ஆணியால் கீறுங்கள்: கீறிய இடம் பளபளக்கும், காந்தத்தில் ஒட்டாது, காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். போன சித்திரையில் எங்கள் படித்துறையில் மட்டும் ஒரு தேநீர்க் குவளை நிறையக் கிடைத்தது.

முடிந்தவர்கள் இரும்புக்கு மாறுங்கள். நான் சின்னக் கண்ணிச் சங்கிலி கோக்கிறேன். ஈயம் 3 கிலோ போட்ட வலைக்கு இரும்பும் 3 கிலோதான், பருமன்தான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். கொஞ்சம் மெதுவாக அமிழும், வீசும் கைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். நட்டு கோப்பதானால் விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள், இல்லாவிட்டால் நூலை அறுக்கும். வீசி முடித்த அன்றே அலசி நிழலில் தொங்கவிட்டால் துரு சீக்கிரம் ஏறாது.