ஜாபிக்ஸில் ஆட்டோ டிஸ்கவரி: முதலில் பெயர் வையுங்கள், பிறகு ரூல் எழுதுங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கன்னியாகுமரியில் சீசன். சபரிமலைக்குப் போகிறவர்களும் போய்த் திரும்புகிறவர்களும் தை வரைக்கும் வந்துகொண்டே இருப்பார்கள். கடற்கரைப் பக்கம் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் லாட்ஜ் மூன்று கட்டடம். 43 ஆக்சஸ் பாயின்ட், 9 ஸ்விட்ச், 3 ரவுட்டர். இத்தனைக்கும் ஒரு எக்ஸெல் ஷீட்தான் கணக்கு. உப்புக் காற்று வெளியே மாட்டிய பெட்டிகளைத் தின்றுவிடும். ஐப்பசி மழையில் இடி இடித்தால் ஸ்விட்சில் இரண்டு மூன்று போர்ட் போகும், சில நேரம் ஸ்விட்சே போகும். மாற்றிவிட்டு வருவோம், ஷீட்டில் எழுத மறப்போம். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்: "அண்ணே, நாலாவது மாடியில நெட்டு இல்லன்னு ஆளுவ சத்தம் போடுதாவ." எந்தப் பெட்டி, எந்த ஐ.பி என்று தேடவே அரை மணி நேரம்.

அதனால்தான் கருவிகளைத் தானே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கும்படி ஜாபிக்ஸை (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) அமைத்தேன். அமைப்பு சின்னதுதான். ஆனால் ஒரே ஒரு இடத்தில் இரண்டு ராத்திரி மாட்டிக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எந்த மென்பொருள் என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தொடங்கியது மைக்ரோடிக்கின் 'தி டூட்' மென்பொருளில். வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் அதன் சர்வர் ரவுட்டர் ஓ.எஸ்ஸில் (மைக்ரோடிக் கருவிகளின் இயங்குதளம்) மட்டும்தான் ஓடும். லிப்ரே என்.எம்.எஸ் நல்ல மென்பொருள். ஒரு ஸ்விட்சைக் கொடுத்தால் எல்.எல்.டி.பி, சி.டி.பி (கருவிகள் பக்கத்துக் கருவிக்குத் தங்களை அறிவித்துக்கொள்ளும் முறைகள்) வழியாகப் பக்கத்து ஸ்விட்சுகளையும் பிடித்துவிடும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஜாபிக்ஸைத்தான் சொல்வேன். எல்லாமே பிரவுசரில் கிளிக் செய்து முடிக்கிற வேலை. எந்த நிபந்தனையால் எது நடந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கவும் முடியும். இந்தப் பதிவு 2024-இல் வந்த 7.0 பதிப்பை வைத்து எழுதியது. 6.0 வைத்திருந்தால் 'டேட்டா கலெக்‌ஷன்' என்று நான் சொல்லும் இடத்தில் 'கான்ஃபிகரேஷன்' என்று இருக்கும்.

ஜாபிக்ஸ் சர்வரை நிறுவி, உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கருவிகளில் எஸ்.என்.எம்.பியைத் திறப்பது

எஸ்.என்.எம்.பி என்பது கருவியிடம் அதன் விவரங்களை நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும் முறை. மைக்ரோடிக்கில் அது மூடியே வரும். வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருள்) 'ஐ.பி' மெனுவுக்குள் 'எஸ்.என்.எம்.பி' போய் 'எனேபிள்ட்' டிக் செய்யுங்கள். அங்கேயே 'கம்யூனிட்டீஸ்' பட்டனில் 'பப்ளிக்' என்று ஒன்று இருக்கும். கம்யூனிட்டி என்பது எஸ்.என்.எம்.பிக்குக் கடவுச்சொல் மாதிரி. அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள். 'அட்ரஸஸ்' கட்டத்தில் ஜாபிக்ஸ் சர்வரின் ஐ.பியை மட்டும் கொடுங்கள், எழுதும் உரிமை வேண்டாம். எஸ்.என்.எம்.பி வெர்ஷன் 2-இல் கம்யூனிட்டி மறைக்கப்படாமல் அப்படியே வயரில் போகும். அதனால் மேனேஜ்மென்ட்டுக்கு என்று தனி வி.லேன் (அதே வயரில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) வைத்திருப்பது அவசியம். மற்ற கம்பெனி ஸ்விட்சுகளிலும் இதே வேலைதான், மெனு மட்டும் வேறு.

2. ஜாபிக்ஸைத் தொடும் முன் ஒரு சோதனை

சர்வர் மெஷினிலிருந்தே எஸ்.என்.எம்.பி வாக் கட்டளையை ஒரு கருவியின் மேல் ஓட்டிப் பாருங்கள். கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. 1.3.6.1.2.1.1.1.0 என்பது கருவியைப் பற்றிய விவரம். 1.3.6.1.2.1.1.5.0 என்பது கருவியின் பெயர். விடை வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் யு.டி.பி 161 போர்ட், கம்யூனிட்டி, அட்ரஸஸ் கட்டம் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. உங்கள் லேப்டாப்பிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கருவி பதில் சொல்ல வேண்டியது சர்வருக்கு, லேப்டாப்புக்கு அல்ல.

இந்தச் சோதனையில் பெயருக்கு என்ன விடை வந்தது என்று நிதானமாகப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அது 4-ஆம் படியில் வருகிறது.

3. டிஸ்கவரி ரூல்

'டேட்டா கலெக்‌ஷன்', அதற்குள் 'டிஸ்கவரி', வலது மேல் மூலையில் 'கிரியேட் டிஸ்கவரி ரூல்'.

ஐ.பி ரேஞ்ச் கட்டத்தில் நான் கொடுத்தது 192.168.20.1-60,192.168.30.1-20. முதலாவது ஆக்சஸ் பாயின்ட்டும் ஸ்விட்சும் இருக்கும் மேனேஜ்மென்ட் வி.லேன், இரண்டாவது ரிசப்ஷனும் ஆபீஸும். காற்புள்ளி போட்டு எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு ரேஞ்சுக்குள் 65,536 முகவரிதான் வரம்பு. ஆனால் வரம்பு இருக்கிறது என்பதற்காக விரித்துவிடாதீர்கள். ஆளில்லாத முகவரி ஒவ்வொன்றுக்கும் ஜாபிக்ஸ் காத்திருந்துதான் நகரும். 254 முகவரி, தலா 3 நொடி என்றாலே ஒரு சோதனைக்கு 12 நிமிடத்துக்கு மேல். 7.0-வில் பல சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது, பழைய பதிப்புகளில் இது பெரிய தலைவலி.

விருந்தினர் வைஃபை இருக்கும் ரேஞ்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். முதல் தடவை நான் அதையும் சேர்த்து, பிங் சோதனையும் வைத்தேன். சாயங்காலத்துக்குள் அறையில் தங்கியவர்களின் போன்கள் எல்லாம் கருவிப் பட்டியலில் வந்து நின்றன. நேரம் வீண் என்பது ஒரு பக்கம். நம்பி வந்து தங்குகிறவர்களின் போன் எப்போது வந்தது, எப்போது போனது என்பதை நாம் எழுதி வைப்பது சரியில்லை. அன்றே எல்லாவற்றையும் அழித்தேன்.

'அப்டேட் இன்டர்வெல்' ஒரு மணி நேரம் என்று இருக்கும். அமைத்து முடிக்கும் வரை 5 நிமிடம் வையுங்கள், பிறகு மறக்காமல் திருப்பிவிடுங்கள்.

'செக்ஸ்' பகுதியில் 'எஸ்.என்.எம்.பி.வி.2 ஏஜென்ட்' இரண்டு தடவை சேர்க்க வேண்டும். ஒன்றில் 1.3.6.1.2.1.1.1.0, இன்னொன்றில் 1.3.6.1.2.1.1.5.0. இரண்டிலும் உங்கள் கம்யூனிட்டி. பிங் வேண்டாம். பிங்குக்கு மட்டும் பதில் சொன்ன கருவிக்கு ஜாபிக்ஸ் எஸ்.என்.எம்.பி இன்டர்ஃபேஸ் உருவாக்காது. அப்புறம் அதன்மேல் எஸ்.என்.எம்.பி டெம்ப்ளேட்டை (எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்ற ஆயத்தத் தொகுப்பு) வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

4. 'டிவைஸ் யுனிக்னெஸ் கிரைட்டீரியா': நான் மாட்டிக்கொண்ட இடம்

அதே பக்கத்தில் கீழே சின்னதாக இருக்கும், பலரும் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள். இரண்டு முகவரியில் பதில் சொல்வது ஒரே கருவியா, வேறு வேறா என்று ஜாபிக்ஸ் முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

முதலில் 'ஐ.பி அட்ரஸ்' என்றே விட்டேன். மெயின் ரவுட்டருக்கு 20-லும் ஒரு ஐ.பி, 30-லும் ஒரு ஐ.பி. அதனால் அந்த ஒரே ரவுட்டர் இரண்டு கருவியாக வந்தது. இரண்டாவதற்குப் பெயருக்குப் பின்னால் _2 என்று ஒட்டிக்கொண்டது. சரி, பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்று 1.3.6.1.2.1.1.5.0 சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். ரவுட்டர் ஒன்றாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் 55 கருவி வந்திருக்க வேண்டிய இடத்தில் 13 இருந்தது.

ஸ்விட்ச் ஒன்பதும் இருந்தன, ரவுட்டர் மூன்றும் இருந்தன. ஆக்சஸ் பாயின்ட் மட்டும் ஒன்றே ஒன்று. நான் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், கம்யூனிட்டியைச் சந்தேகப்பட்டேன், மேற்குக் கட்டடத்துக்குப் போகும் ஃபைபரைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் எஸ்.என்.எம்.பி வாக் ஓட்டினால் விடை ஒழுங்காக வருகிறது. இரண்டாவது ராத்திரி, அந்த ஒற்றை ஹோஸ்டை (ஜாபிக்ஸ் பட்டியலில் ஒரு கருவிக்கான பதிவு) திறந்து 'இன்டர்ஃபேசஸ்' பகுதியைப் பார்த்தேன். அதற்குள் 43 ஐ.பி வரிசையாக நின்றது.

காரணம் இதுதான். மைக்ரோடிக் பெட்டியிலிருந்து வரும்போதே அதன் பெயர் 'மைக்ரோடிக்'. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நான் பெயர் வைத்திருந்தேன், ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு வைக்கவில்லை. பெயர்தான் அடையாளம் என்று ஜாபிக்ஸிடம் சொன்னது நான். 43 பேரும் ஒரே பெயரைச் சொன்னதால் அது 43-ஐயும் ஒரே கருவி என்று எடுத்துக்கொண்டது, மற்ற ஐ.பிகளைக் கூடுதல் இன்டர்ஃபேஸாக அடுக்கியது. மென்பொருள் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறது.

அதனால் ரூலைச் சேமிக்கும் முன் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர் வையுங்கள். மைக்ரோடிக்கில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஐடென்டிட்டி'. கட்டடம், மாடி, கருவி வகை, எண் என்ற வரிசையில் வைத்தேன், நடுவில் கோடு. 43-க்கும் உட்கார்ந்து மாற்ற ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. அப்புறம் அந்த ஒற்றை ஹோஸ்டை அழித்துவிட்டு ரூல் அடுத்த சுற்று ஓடும்வரை காத்திருந்தேன். 55 வந்தது.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், கோடு, புள்ளி போன்றவை மட்டும் இருக்கட்டும். ஜாபிக்ஸின் 'ஹோஸ்ட் நேம்' தமிழ் எழுத்தை ஏற்காது. ஆனால் 'விசிபிள் நேம்' ஏற்கும். நான் பின்னால் போய் ஒவ்வொன்றுக்கும் 'கிழக்குக் கட்டடம் 2-ஆம் மாடி படிக்கட்டு' என்று கையால் எழுதினேன். ராத்திரி காவலுக்கு இருக்கும் அண்ணாச்சியும் திரையைப் பார்த்து எந்தப் பெட்டி அணைந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறார். அந்த உழைப்புக்கு முழுப் பலன் கிடைத்தது.

'ஹோஸ்ட் நேம்' தேர்விலும் அதே 1.3.6.1.2.1.1.5.0 சோதனையைக் கொடுங்கள். சேமியுங்கள்.

5. கண்டுபிடித்ததைச் சேர்க்கச் சொல்வது

ரூல் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். 'மானிட்டரிங்' மெனுவின் 'டிஸ்கவரி' பக்கத்தில் பட்டியலைக் காட்டும். ஹோஸ்டாகச் சேர்க்கத் தனியாக ஒரு ஆக்‌ஷன் வேண்டும்: 'அலெர்ட்ஸ்', 'ஆக்‌ஷன்ஸ்', 'டிஸ்கவரி ஆக்‌ஷன்ஸ்'.

நிபந்தனைகள்: டிஸ்கவரி ரூல் நீங்கள் எழுதியது, 'டிஸ்கவரி ஸ்டேட்டஸ்' அப், 'ரிசீவ்டு வேல்யூ' என்பதில் 'ரவுட்டர் ஓ.எஸ்' என்ற சொல் அடங்கியிருக்க வேண்டும். மைக்ரோடிக் கருவிகள் விவரத்தில் அந்தச் சொல்லை ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல் சொல்லும். எஸ்.என்.எம்.பி வாக்கில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். ஸ்டேட்டஸில் 'டிஸ்கவர்டு' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது முதல் தடவை கண்டுபிடிக்கும்போதும், அணைந்த கருவி திரும்பி வரும்போதும் மட்டும்தான். ரூல் ஏற்கெனவே ஓடியிருந்தால், அப்போதே கண்டுபிடித்த கருவிகளுக்கு ஆக்‌ஷன் வேலை செய்யாது. 'அப்' ஒவ்வொரு சுற்றிலும் பொருந்தும்.

'ஆபரேஷன்ஸ்' பகுதியில் மூன்று: 'ஆட் ஹோஸ்ட்', 'ஆட் டு ஹோஸ்ட் குரூப்', 'லிங்க் டெம்ப்ளேட்'. கருவியின் மாடலுக்கு டெம்ப்ளேட் இருந்தால் அது, இல்லாவிட்டால் 'நெட்வொர்க் ஜெனரிக் டிவைஸ் பை எஸ்.என்.எம்.பி'. மற்ற கம்பெனி ஸ்விட்சுக்கு இதே போல் இன்னொரு ஆக்‌ஷன். எல்லாவற்றையும் ஒரே ஆக்‌ஷனில் திணிக்காதீர்கள்.

6. காணாமல் போனதை அழிக்கலாமா

'ரிமூவ் ஹோஸ்ட்' என்றும் ஒரு ஆபரேஷன் உண்டு. ஸ்டேட்டஸ் டவுன், 'அப்டைம்/டவுன்டைம்' 86400 நொடிக்கு மேல், அதாவது ஒரு நாள் காணவில்லை என்றால் அழித்துவிடு என்று எழுதலாம். நம் மாவட்டத்தில் அப்படி எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்த பிறகு பல ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லாட்ஜில் ஜெனரேட்டர் ரிசப்ஷனுக்கும் சர்வர் அறைக்கும் மட்டும்தான். அப்படி ஒரு மழை வந்தால் சர்வர் உயிரோடு இருக்கும், மாடியில் உள்ளவை எல்லாம் அணைந்திருக்கும். மறுநாளே ஜாபிக்ஸ் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கும், அவற்றின் பழைய கணக்கும், கையால் எழுதிய தமிழ்ப் பெயரும் சேர்ந்து போகும். நான் அந்த ஆக்‌ஷனையே வைக்கவில்லை. மாதம் ஒரு முறை பட்டியலைப் பார்த்துக் கையால் நீக்குகிறேன். கட்டாயம் வேண்டும் என்றால் 30 நாள், 2592000 நொடி.

பிற்சேர்க்கை

மார்த்தாண்டத்தில் ஒரு அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலை) நெட்வொர்க் பார்க்கும் தம்பி எழுதியிருந்தார்: "ரூலில் எல்லாம் தெரியுது, ஆக்‌ஷன் மட்டும் ஓடவே இல்லண்ணே." படம் அனுப்பச் சொன்னேன். 'சர்வீஸ் டைப்' பிங் என்று ஒரு நிபந்தனை, 'ரிசீவ்டு வேல்யூ'வில் ஸ்விட்ச் கம்பெனி பெயர் என்று இன்னொன்று. ஜாபிக்ஸ் ஒவ்வொரு சோதனையின் விடையையும் தனித்தனியாகத்தான் ஆக்‌ஷனிடம் கொண்டுபோகிறது. பிங்கின் விடையில் கம்பெனி பெயர் இருக்காது, எஸ்.என்.எம்.பியின் விடை பிங் ஆகாது. இரண்டும் ஒன்றாக எப்போதும் பொருந்தாது. பிங் நிபந்தனையை எடுத்ததும் அடுத்த சுற்றிலேயே வந்துவிட்டது.

இன்னொருவர் கேட்டது: ஆக்சஸ் பாயின்ட்டின் ஐ.பி மாறிவிட்டால் புது ஹோஸ்டாக வருமா? பெயரை அடையாளமாக வைத்திருந்தால் வராது, அதே ஹோஸ்டில் புது ஐ.பி கூடுதல் இன்டர்ஃபேஸாகச் சேரும். பழைய ஐ.பியை நீங்கள்தான் நீக்க வேண்டும். அதைவிட டி.எச்.சி.பியில் ஒவ்வொன்றுக்கும் ஐ.பியை நிரந்தரமாகக் கட்டிவிடுவது நல்லது. பழுதான பெட்டியை மாற்றும்போது புதியதற்குப் பழைய பெயரையும் பழைய ஐ.பியையும் கொடுத்துவிட்டு, எஸ்.என்.எம்.பியைத் திறந்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்குங்கள்.