சர்க்கரை நோயாளியின் காப்பர் பரிசோதனை: எண்களை எப்படிப் படிப்பது

நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயத் தசைச் செல்களுக்குள் தாமிரம் (காப்பர்) குறைந்திருப்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கார்த் கூப்பர் குழுவினர் கண்டார்கள். நீரிழிவு உள்ள மனிதர்களின் ரத்தத்திலோ அது பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சர்க்கரை ஒட்டிக்கொண்ட கொலாஜன் போன்ற புரதங்கள் செல்லுக்கு வெளியே தாமிரத்தைப் பிடித்து வைக்கின்றன. அங்கே அது திசுவை அரிக்கும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. செல்லுக்குள்ளே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதிக்குத் தாமிரம் கிடைக்காவிட்டால் இதயத்துக்கு ஆற்றல் குறைகிறது. ஆகவே ரத்த அளவை மட்டும் பார்த்து, ‘கூடுதல், குறைக்க வேண்டும்’ என்று முடிவுகட்டுவது ஆபத்து.

எல்லா நோயாளிகளுக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. காரணம் புரியாத ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, நடையில் தள்ளாட்டம் இருப்பவர்களும், உடல் எடைக் குறைப்புக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், நீண்ட நாள் துத்தநாக மாத்திரை சாப்பிடுபவர்களும் செய்துகொள்ளலாம். சீரம் காப்பர், செருலோபிளாஸ்மின் (தாமிரத்தைச் சுமக்கும் ரத்தப் புரதம்), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். காப்பருக்கான ரத்தத்தை நுண்தனிமங்களுக்கென்றே உள்ள கருநீல மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயிலும் மூடியிலும் இருக்கும் உலோகத் துகள்கள் எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். காய்ச்சல், கால் புண்ணில் சீழ் இருந்தால், அவசரமில்லாத பட்சத்தில், ஆறிய பிறகு எடுப்பது நல்லது. அழற்சியின்போது கல்லீரல் செருலோபிளாஸ்மினை அதிகம் சுரக்கும், அதோடு காப்பரும் ஏறும். கர்ப்பமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் இதையே செய்யும்.

இனி கணக்கு. ரத்தத்தில் உள்ள தாமிரத்தின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 3 மைக்ரோகிராம். காப்பர் டெசிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம், செருலோபிளாஸ்மின் 45 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 45 × 3 = 135. 150-இல் அதைக் கழித்தால் கட்டற்ற தாமிரம் 15. வழக்கமான அளவு 5 முதல் 15 வரை. ஆக, பல ஆய்வகங்களின் மேல்வரம்பான 140-ஐத் தாண்டியிருந்தாலும் இங்கே தாமிரம் தேங்கவில்லை, அழற்சிதான் எண்ணை ஏற்றியிருக்கலாம். சி.ஆர்.பி.யைப் பார்த்து அதை உறுதிப்படுத்துங்கள். சில ஆய்வகங்கள் செருலோபிளாஸ்மினை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும். அப்போது 10-ஆல் வகுக்க மறந்தால் கணக்கு அபத்தமாகிவிடும். அலகு சரியாக இருந்தும் விடை பூஜ்யத்துக்குக் கீழே போவதுண்டு. ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் பரிசோதனை, தாமிரம் ஏறாத வெற்றுச் செருலோபிளாஸ்மினையும் சேர்த்து எண்ணுவதால் வரும் பிழை அது. அந்த விடையை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

காப்பரும் செருலோபிளாஸ்மினும் இரண்டுமே குறைவாக இருந்தால் முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 220 மி.கி. ஸிங்க் சல்பேட் மாத்திரையில் உள்ள துத்தநாகம் 50 மி.கி.; பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மேல்வரம்பே 40. துத்தநாகம் மிகும்போது குடல் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகம் செய்யும். அது தாமிரத்தைக் கவ்விக்கொள்ளும். சில நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இது நீடித்தால் ரத்தசோகையும், தண்டுவடம் பழுதாகிக் கால் மரத்துப்போவதும் வரும். நீரிழிவு உள்ளவருக்கு இதைச் ‘சர்க்கரை நரம்புப் பாதிப்பு’ என்று கடந்துவிடுவது எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு பி12 குறைவும் இதே அறிகுறிகளைத் தரும், எனவே இரண்டையும் பாருங்கள். துத்தநாகத்தை நிறுத்தித் தாமிரம் கொடுத்தால் ரத்த அணுக்கள் சில வாரங்களில் தேறும். நரம்புச் சேதம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

குறைவு இல்லாதவருக்குச் சாப்பாடே போதும். அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 0.9 மி.கி.; ஒரு மேசைக்கரண்டி எள்ளில் ஏறக்குறைய 0.4 மி.கி. கிடைக்கும். செம்புக் குடத்தில் வெறும் தண்ணீர் வைக்கலாம். உள்ளே வெள்ளீயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு, மோர், புளி கரைத்த எதையும் வைக்காதீர்கள். அமிலம் தாமிரத்தைக் கரைக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். ஆனால் குடத்துத் தண்ணீர் இதயத் தசைக்குள் இருக்கும் தட்டுப்பாட்டைத் தீர்க்காது. அங்கே கோளாறு வரத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

அந்தப் பங்கீட்டைச் சரிசெய்யத்தான் டிரையென்டைன் சோதிக்கப்பட்டது. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் என்ற பரம்பரை நோய்க்கான மருந்து இது; தாமிரத்தைக் கவ்வி வெளியேற்றும். 2009-இல் வெளியான ஆய்வில், இடது கீழறை தடித்திருந்த 30 இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் ஒரு பாதியினர் நாளுக்கு 1,200 மி.கி. வீதம் 12 மாதம் எடுத்துக்கொண்டனர். அவர்களின் கீழறைத் தசை எடை குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் ஆய்வு மிகச் சிறியது. நீரிழிவு இதய நோய்க்கு இம்மருந்து அங்கீகரிக்கப்படவில்லை. ‘கீலேஷன்’ (உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் சிகிச்சை) என்று விளம்பரப்படுத்தப்படும் இ.டி.டி.ஏ. சொட்டு மருந்து வேறு. ஏற்கெனவே மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளிகளிடம் அதைச் சோதித்த டாக்ட்-2 ஆய்வு 2024-இல் பலன் எதையும் காட்டவில்லை. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி.-புரோ.பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் எக்கோ எடுத்து, எஸ்.ஜி.எல்.டி.2 வகைச் சர்க்கரை மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.