வரைபடத்தில் ஸ்கேலை எப்போது எடுப்பது? – என் அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, வரைபடக் கேள்வியில் ஆண்டுதோறும் ஒரே சிக்கல்தான்: புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு, எதுவானாலும் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்துவிடுவார்கள். "சமன்பாட்டில் வர்க்கம் இருந்தால் வளைவு" என்று சொன்னதில் பாதிப் பலனே கிடைத்தது. ஏனெனில், எக்ஸையும் ஒய்யையும் பெருக்கினால் 24 என்னும் சமன்பாட்டில் வர்க்கமே கிடையாது, ஆனாலும் அது வளையும்.

ஆகவே, எக்ஸ், ஒய் மதிப்புகளை எழுதும் அட்டவணையின் கீழ், அடுத்தடுத்த ஒய் மதிப்புகளின் 'வித்தியாசம்' என்று கூடுதலாக ஒரு வரிசை போடச் சொன்னேன். மணிக்கு 40 கி.மீ. மாறா வேகத்தில் செல்லும் வண்டி 1, 2, 3 மணி நேரத்தில் 40, 80, 120 கி.மீ. கடக்கும், வித்தியாசம் எங்கும் 40, அதுவே சாய்வு, எனவே நேர்கோடு. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, வேகம் 30, 40, 50, 60 என உயரும்போது ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் 60, 45, 36, 30 நிமிடங்கள் வரும். குறைவு 15, 9, 6 என்று சுருங்கிக்கொண்டே போவதால் இது நேரியலற்றது (நேர்கோடாக வராதது), செவ்வக அதிபரவளையத்தின் (இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் மாறாதபோது வரும் வளைவின்) ஒரு கிளை. இங்கே ஸ்கேல் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போய்விட வேண்டும்.

எக்ஸ் மதிப்புகள் 1, 2, 4, 8 எனச் சீரில்லாமல் இருந்தால் வெறும் வித்தியாசம் ஏமாற்றிவிடும். ஒய்யின் வித்தியாசத்தை எக்ஸின் வித்தியாசத்தால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒய் என்பது எக்ஸின் வர்க்கம் என்னும்போது வரும் கிண்ணம் போன்ற வளைவான பரவளையத்தின் அடியைக் கூராக்கிவிடுபவர்களுக்கு (இவர்கள்தான் அதிகம்) 0.5, −0.5 ஆகியவற்றின் வர்க்கமான 0.25ஐயும் குறிக்கச் சொல்கிறேன். முனை தானாகவே உருண்டுவிடுகிறது.