மதுரையிலிருந்து இரட்டைச் சூரியனைப் பார்க்க

ஆல்ஃபா சென்டாரி கண்ணுக்கு ஒரே விண்மீன்தான். உண்மையில் சூரியனைப் போன்ற இரண்டு விண்மீன்கள், சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. தொலைவு ஏறத்தாழ 4.37 ஒளியாண்டு. தில்லிக்காரர்களுக்கு இது அடிவானத்தோடு ஒட்டிப்போய்விடும். மதுரையில் 19 பாகை வரை ஏறுகிறது.

முதலில் இடம். நான் முதல் தடவை அழகர்கோவில் சாலைக்குப் போய் ஏமாந்தேன். இருட்டுக்குக் குறைவில்லை, ஆனால் பார்க்க வேண்டிய தெற்குத் திசையில்தான் மதுரை மொத்தமும் விளக்கேற்றிக்கொண்டு நின்றது! ஊர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். திருமங்கலம் தாண்டி, தெற்கே மரமோ குன்றோ மறைக்காத வயல்வெளி போதும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரவில் நீளக் குழாயோடு நிற்பவனை யாரும் வானம் பார்க்க வந்தவன் என்று நினைக்க மாட்டார்கள்.

மே நடுவில் இரவு பதினொன்றேகால் வாக்கில், ஜூன் நடுவில் ஒன்பதேகால் வாக்கில் அது நேர் தெற்கே உச்சத்தில் இருக்கும். கையை நீட்டி, அடிவானத்தின் மேல் இரண்டு முஷ்டிகளை அடுக்குங்கள். அந்த உயரத்தில் பளிச்சென்று இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பதும் அதிக வெளிச்சமானதும் நாம் தேடும் ஆல்ஃபா சென்டாரி. வலப்பக்கத்து பீட்டா சென்டாரியையும் தாண்டிப் பார்த்தால் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம்.

ஆல்ஃபா சென்டாரிக்குள் இருக்கும் இரண்டும் வெறும் கண்ணுக்குப் பிரியாது. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி போதும். வீட்டுச் சூட்டோடு வந்த குழாயை அரை மணி நேரம் வெளியில் ஆறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் கொதிக்கும் பாலைப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். 25 மில்லிமீட்டர் கண்வில்லையில் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 10 மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள்.

1689-இல் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற யேசு சபைப் பாதிரியார்தான் இது இரட்டை என்று கண்டவர். நமக்கு இப்போது நல்ல காலம்: 2016-இல் வெறும் 4 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளியில் நெருங்கியிருந்தவை, 2029 வரை விலகிக்கொண்டே போகின்றன.

உடனே பிரியவில்லையா? குவியத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிவிட்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வெக்கை ஒரு கணம் அடங்கும்போது, மஞ்சள் பொட்டின் ஓரத்தில் சற்றே மங்கலாக, செம்மஞ்சளாக இன்னொன்று தனியே நிற்கும்.