ஸ்பூன் லூருக்கு உரியாத பெயின்ட்: முதல்முறை அடிப்பவர்களுக்கு

பழைய எவர்சில்வர் டீஸ்பூனின் காம்பை அறுத்து, குழிப்பகுதியின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டால் தூண்டிலுக்கு நல்ல லூர், அதாவது மீனை ஏமாற்றி இழுக்கும் போலி இரை, ஒன்று கிடைத்துவிடும். அதுவரை எல்லோரும் செய்துவிடுகிறோம். பெயின்ட்தான் நிற்பதில்லை. நான் அடித்த முதல் லூர் மேலூர்ப் பக்கக் கண்மாய் ஒன்றில் பத்து வீச்சுகூடத் தாங்கவில்லை. மடைக் கல்லில் ஒருமுறை தட்டியதும் சிவப்பு மொத்தமும் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது. பெயின்ட்டில் குறையில்லை, அடியில் எண்ணெய்ப் பசை இருந்தது.

அதனால் முதல் வேலை கழுவுவது. பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷும் போதும். கழுவியபின் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக ஓட வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் பசை இன்னும் போகவில்லை, மறுபடி தேய்க்க வேண்டும்.

அடுத்து வாட்டர் பேப்பர், அதாவது நனைத்தும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள். 220 நம்பரில் தேய்த்து, பிறகு 400 நம்பரில் ஒருமுறை. பளபளப்பு போய் மங்கலாகிவிட்டால் சரி, அதற்குமேல் வழவழப்பாக்க வேண்டாம். அந்த நுண்ணிய கீறல்களில்தான் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். முதுகுப்பக்கம் மட்டும் தேயுங்கள். குழிப்பக்கத்தை நான் எப்போதும் பெயின்ட் இல்லாமலே விடுகிறேன். லூர் நீரில் புரளும்போது அந்தப் பக்கம் மின்னுவதுதான் மீனை இழுக்கும். அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். ஈயத்தில் வார்த்த லூர் என்றால் உலர வைத்துத் தேய்க்கவே கூடாது. தூள் மூச்சில் போனால் விஷம். தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்த நீரைத் துணியில் ஒற்றி எடுத்து, கையை நன்றாகக் கழுவுங்கள்.

துளையில் கம்பியை மாட்டி, தின்னர் நனைத்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். இதற்குப்பின் விரல் படக்கூடாது.

நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். அதை வண்டி பெயின்ட் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. எபாக்சி பிரைமர் அல்லது எட்ச் பிரைமர் என்று கேளுங்கள். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் அதை நம்ப வேண்டாம்.

ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழிந்து அடியில் கட்டிக்கொள்ளும். கனமும் கூடி லூரின் ஆட்டம் மாறும். மொட்டை மாடி நல்ல இடம், ஆனால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நேரமும் முக்கியம். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி சொரசொரவென்று உட்காரும். ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் பனி படிந்தது போல வெளுக்கும். கோடையில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன், மழை நாளில் பெயின்ட்டைத் தொடுவதே இல்லை.

பிரைமருக்குமேல் வெள்ளை. மஞ்சளும் ஆரஞ்சும் வெள்ளையின்மேல்தான் எடுப்பாகத் தெரியும்.

இனி மனதுக்குப் பிடித்த வேலை. பூண்டு, எலுமிச்சை கட்டி வரும் வலைப்பையை லூர்மேல் இறுக்கிப் பிடித்து அடர்நிறத்தை லேசாக அடித்து எடுத்தால், செதில் அப்படியே விழும். வைகையில் கலங்கல் தண்ணீர் ஓடும்போது கறுப்பு முதுகும் ஆரஞ்சு வயிறும் என நிறம் மோதிக்கொள்ள வேண்டும். தெளிந்த கண்மாய்க்குப் பச்சை முதுகு போதும். எனக்கு மிகவும் பிடித்தது அயிரைக் கோலம்: மணல் நிறம் அடித்து, பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள். குழம்பில் பார்த்துப் பழகிய மீன்தானே, கை தானாக வரையும். கண்ணுக்குப் பிரஷ் வேண்டாம். பெரிய ஆணியின் கொண்டையை வெள்ளையில் தொட்டு ஒற்றுங்கள். காய்ந்ததும் சின்ன ஆணியால் நடுவில் கறுப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. அயிரை மாதிரியே அழகாக வந்த லூர் ஒன்றை நான் இந்த இடத்தில்தான் கெடுத்தேன். நிறம் எனாமல், மேலே அடித்த கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்.சி. லேக்கர், அதாவது தின்னரில் கரைந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அதிலிருந்த தின்னர் அடியில் இருந்த எனாமலை இளக்கி, ஐந்தே நிமிடத்தில் லூர் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது. எனாமல்மேல் லேக்கர் அடிக்கவே கூடாது. எந்தச் சேர்க்கையானாலும் முதலில் தகரத் துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள். காய்ந்ததும் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

நிறத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே நிறமில்லாத எபாக்சி பூசுங்கள். பிசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் சொன்ன அளவிலேயே எடுத்து, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்துக் கலக்கினால் குமிழி வரும். அளவு பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. பூசியபின் கெட்டியாகும்வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் கீழே சொட்டாகத் திரளும். துளையில் இறங்கியதை ஈரம் இருக்கும்போதே பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் துளைபோடப் போய்த்தான் விளிம்பில் பூச்சு விரிசல் விடுகிறது.

ஒரு நாள் கழித்து டேப்பை உரித்து, ஸ்பிளிட் ரிங்கும் (சாவி வளையம் போன்ற குட்டி வளையம்) மூன்றுமுள் கொக்கியும் மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் இழுத்து ஆட்டம் பாருங்கள். கண்மாய்க்குப் போவதற்கு முன் மீன் குத்தகை யாரிடம் என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் லூரைக் கழுவித் துடைத்து, விளிம்பில் கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருந்தால் அன்றைக்கே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அடுத்த முறை தண்ணீர் உள்ளே இறங்கி அங்கிருந்தே உரியும்.